மூன்று கோடையும் சோசன் கிழங்கும்

எங்கள் நிக்காஹ் நடந்தபோது என் மாமனார் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். அது நான் கொடுக்கவேண்டிய மகரைப் பற்றியோ நகையைப் பற்றியோ அல்ல, வெயிலைப் பற்றி. தன் மகள் மூன்று கோடை எங்கள் ஊரில் இருந்து பார்க்கட்டும் என்றார். நாலாவது கோடை பிறப்பதற்குள் தன் மகன் வந்து அவளை ஒரு முறை கேட்பான், இருக்கிறேன் என்றால் இருக்கட்டும், வருகிறேன் என்றால் நான் ஒரு வார்த்தை பேசாமல் அனுப்பிவைக்க வேண்டும் என்றார். நாலு பெரிய மனிதர்கள் முன்னால் நான் தலையாட்டினேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. வெயில் எல்லாம் ஒரு விஷயமா என்று நினைத்தேன்.

மாமனார் ஸ்ரீநகரில் ஆட்டுத்தோல் வியாபாரி. நான் ஆம்பூரில் தோல் ஷாப்புக்காரரின் மகன். தோல் பதனிடும் இடத்தை எங்கள் பக்கம் ஷாப்பு என்றுதான் சொல்வோம். வெள்ளைக்காரர்களின் பெரிய சண்டை முடிந்த பிறகு தோலுக்கு அலைவது என் வேலையாயிற்று. வருடத்தில் இரண்டு முறை அமிர்தசரஸ் போவேன். அங்கேதான் அவர் பழக்கம். தோல் சந்தையில் விலையை வாயால் சொல்வது கிடையாது. துண்டைப் போட்டு மூடி, அதற்கடியில் விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். நாலு வருடத்தில் நான் ஒரு தடவைகூட ஏமாற்றும் விரல் காட்டவில்லை என்று பிற்பாடு தன் வீட்டில் சொன்னாராம். பெண் கொடுப்பதற்கு அந்த ஒரு காரணம்தான் அவருக்கு இருந்தது. வேறு காரணம் என் முகத்தில் இல்லை என்று என் மனைவி இன்றைக்கும் சொல்கிறாள்.

முதல் கோடை வந்தது. ஆம்பூர் வெயிலை அனுபவிக்காதவர்களுக்கு அதை எழுதிக் காட்ட என்னால் முடியாது. சுற்றிலும் பாறை மலை, நடுவில் பாலாற்று மணல். பங்குனியில் ஏறுகிற சூடு ஆடிக்காற்று அடிக்கும் வரை இறங்காது. அதோடு தோல் வாசனை வேறு. எங்களுக்கு அது சோற்று வாசனை, அவளுக்கு எப்படியிருக்கும்? வேர்வை என்றால் என்னவென்றே அறியாத பெண். கழுத்தெல்லாம் வேர்க்குரு பொரிந்து, துப்பட்டாவை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு, ஜன்னலோரம் அப்படியே உட்கார்ந்திருப்பாள்.

அவள் சீதனத்தோடு காங்ரி ஒன்று வந்திருந்தது. சின்ன மண்சட்டி, அதைச் சுற்றிப் பிரம்புப் பின்னல். குளிர்காலத்தில் அதற்குள் கங்கு போட்டு, தொளதொள அங்கிக்கு உள்ளே வைத்துக்கொள்வார்கள். என் அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நெருப்பை வயித்துல கட்டிக்கினு திரிவாங்களாமே! இங்க சும்மா இருந்தாலே வயிறு எரியுது" என்றார். காங்ரி எங்கள் அறைச் சுவரில் ஆணியில் தொங்கியது. சிலந்தி அதில் கூடு கட்டியது.

இவ்வளவுக்கும் அவள் வாய் திறந்து ஒரு குறை சொன்னதில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. ஏசுகிற பெண் தங்கிவிடுவாள். பேசாமல் நாளை எண்ணுகிற பெண்ணை எப்படி நம்புவது? எனக்கோ முன்கோபம். ஒரு நாள் பொறுக்க முடியாமல், "உனக்கு இன்னாதான் வேணும்? சொல்லித் தொலையேன்" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். எங்களுக்குள் அப்போது உருதுதான் பேச்சு. தமிழ் அவள் என் அம்மாவிடமும், ஷாப்பில் பட்டை இடித்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்துபோகும் பெண்களிடமும் கற்றுக்கொண்டிருந்தாள். அவள் நிதானமாக ஒரே ஒரு தமிழ் வார்த்தை சொன்னாள்.

"குளிர்."

வளையல் என்றிருந்தால் வாங்கியிருப்பேன். பட்டு என்றிருந்தால் காஞ்சிபுரத்துக்கே போயிருப்பேன். குளிரை எந்தக் கடையில் வாங்குவது? கதவை அறைந்து சாத்திக்கொண்டு ஷாப்புக்குப் போய், சுண்ணாம்புத் தொட்டிக்காரர்களிடம் காரணமில்லாமல் எரிந்துவிழுந்தேன்.

மறு வருடம் சித்திரையில் அமிர்தசரஸ் போனவன், அப்படியே ஸ்ரீநகருக்கும் போய் மாமனார் வீட்டில் நாலு நாள் தங்கினேன். திரும்பும் காலையில், எல்லோரிடமும் விடைபெற்று டோங்கா என்னும் குதிரைவண்டியில் வந்துகொண்டிருந்தபோதுதான் அதைப் பார்த்தேன். ஊர் எல்லையில் ஒரு சரிவு. கீழே வேலி, மேலே வாதுமை மரங்கள், நடுவில் முழங்கால் உயரத்துக்கு வாள் மாதிரி இலைகள். அதற்கு மேலே ஆயிரக்கணக்கில் வெள்ளைப் பூ. அகலமான இதழ்கள், மூன்று மேலே எழுந்து நிற்க, மூன்று கீழே மடிந்து தொங்கின. காற்றில் லேசான வாசனை வந்தது. டோங்காக்காரரிடம் என்ன பூ என்று கேட்டேன். சோசன் என்றார்.

எனக்கு மூளை வேலை செய்தது. குளிரைத்தான் கொண்டுபோக முடியாது, குளிர் நாட்டுப் பூவைக் கொண்டுபோகலாமே! டோங்காவை நிறுத்தச் சொன்னேன். "இதன் கிழங்கு எனக்கு வேண்டும். என் மனைவிக்காக. அவள் இந்த ஊர்ப் பெண்தான். இப்போது வெகு தூரத்தில் இருக்கிறாள்" என்று உருதுவில் சொன்னேன். அந்த மனிதர் என்னையே சிறிது நேரம் பார்த்தார். பிறகு இறங்கிப் போய், சரிவில் மண்வெட்டியோடு நின்ற ஒரு பெரியவரிடம் ஏதோ சொன்னார். பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒரு சாக்கு நிறையக் கிழங்கு தோண்டிக் கொண்டுவந்தார். காசு நீட்டினேன், வாங்க மறுத்துவிட்டார். என் இரண்டு கைகளையும் பிடித்து மார்பில் வைத்துக்கொண்டு துஆ ஓதினார். டோங்காக்காரரோ வழி முழுக்கப் பாட்டும் பேச்சுமாக வந்தவர், அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. இறங்கும்போது வாடகையும் வாங்கவில்லை. தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். ஒரு பூவை விரும்புகிறவனுக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆம்பூருக்கு வந்ததும் சாக்கைப் பட்டைக் கிடங்கில் ஒளித்து வைத்தேன். தோலைப் பதப்படுத்தும் ஆவாரம் பட்டையை அடுக்கும் இடம் அது, வீட்டுப் பெண்கள் யாரும் வரமாட்டார்கள். அவளும் அம்மாவும் மேல்விஷாரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போன மூன்று நாளில் காரியத்தை முடித்தேன். எங்கள் அறை ஜன்னலுக்கு நேர் கீழே மண்ணைக் கொத்தி, பார் கட்டி, சாணுக்கு ஒரு குழி பறித்து, எண்பது கிழங்கையும் ஆழமாகப் புதைத்தேன். எங்கள் ஊரில் மஞ்சள் நடுவது அப்படித்தான், இஞ்சியும் அப்படித்தான். கிழங்கு என்று கையில் கிடைத்தால் புதைக்காமல் எங்கள் கை நிற்காது. மேலே ஷாப்பில் ஊறித் தீர்ந்த பட்டைச் சக்கையை ஒரு முழத்துக்குப் போட்டு மூடினேன். ஈரம் காக்குமாம். காலை ஒன்று, மாலை ஒன்று என்று கிணற்றுத் தண்ணீரும் ஊற்றினேன். ஜன்னல் வழியாக அவள் கேட்டபோது, மஞ்சள் போட்டிருக்கிறேன் என்றேன்.

மூன்று வாரத்தில் நாற்றம் எழுந்தது. தோல் ஷாப்பு ஊரில் ஒரு நாற்றம் தனியாகத் தெரிகிறது என்றால் அது எப்படிப்பட்டதாக இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு, "எலி கிலி செத்துப் போச்சா பாருடா" என்றார். பாரின் ஒரு ஓரத்தில் மட்டும், எங்கள் வீட்டுக் கோழிகள் சக்கையையும் மண்ணையும் கிளறித் தள்ளிய இடத்தில், விசிறி விரித்தது போலப் பச்சை இலைகள் வந்தன. கோழிகளை நான் விரட்டாத நாளில்லை. அவற்றுக்கு இருந்த அறிவு எனக்கு இல்லை.

ஒரு காலையில் அவள் ஜன்னலில் நின்று கூப்பிட்டாள். "ஏங்க, இது இன்னா?"

"மஞ்சள்."

"மஞ்சளா? எங்க ஊர்ல செத்தவங்க மேல நடுவாங்களே, அந்த மஞ்சளா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் இறங்கி வந்தாள். இது எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். வேலி, சரிவு, வாதுமை மரம், மண்வெட்டிப் பெரியவர், அவர் ஓதிய துஆ, வாடகை வாங்காத டோங்காக்காரர் என்று நானும் பெருமையாக எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் முகம் ஒரு மாதிரியாகப் போயிற்று. அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். எங்கள் வீட்டுக்கு வந்து அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. என்னமோ ஏதோவென்று அம்மா கரண்டியும் கையுமாக ஓடிவந்தார்.

"அது கபர்ஸ்தான். அந்தக் கெழவர் குழி வெட்டுறவரு" என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டே. "நீங்க 'என் மனைவிக்கு'ன்னு வேற சொல்லியிருக்கீங்க. அந்த ரெண்டு பேரும் என்னை அடக்கம் பண்ணி ஓதியும் முடிச்சிட்டாங்க!"

அவர்கள் ஊரில் இந்த வெள்ளை சோசனைக் கபர் மேல்தான் நடுவார்களாம். சரிவில் கபர்களின் தலைமாட்டில் நடும் மீசான் கற்கள் இருந்திருக்கின்றன. இலையும் பூவும் அவற்றை மறைத்திருக்கின்றன. உயிரோடு இருக்கிற மனைவியின் ஜன்னலடியில் நான் எண்பது கபர் செடியை நட்டு, தினம் இரண்டு வேளை தண்ணீரும் ஊற்றியிருக்கிறேன். அவமானத்தில் எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. எல்லாவற்றையும் பிடுங்கி எறியப் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கையை வெச்சீங்கன்னா தெரியும் சேதி" என்றாள். இதுவும் தமிழில்தான். என்னைத் திட்டுவதற்கு அன்றிலிருந்து அவளுக்குத் தமிழ் போதுமாக இருந்தது.

பிறகு அவளே எல்லாக் கிழங்கையும் தோண்டினாள். எண்பதில் பத்தொன்பது மிஞ்சின. ஷாப்பிலிருந்து தோல் ஓரம் நறுக்கும் கத்தியைக் கொண்டுவரச் சொல்லி, அழுகினதை வெட்டித் தள்ளினாள். வெட்டுக் காயத்தில் சுண்ணாம்பைத் தடவச் சொன்னாள். அது எங்களிடம் வண்டி வண்டியாக இருந்தது. நாலு நாள் வெயிலில் காயப்போட்டாள். பட்டைச் சக்கையைத் துளி விடாமல் கூட்டி அள்ளினாள். பிறகு மண்ணை மேடாக்கி, வேரை மட்டும் உள்ளே விட்டு, கிழங்கின் முதுகு வெளியே தெரியும்படி உட்காரவைத்தாள். குட்டையில் படுத்த எருமையின் முதுகு தெரியுமே, அப்படி.

"இன்னும் கொஞ்சம் மண்ணு தள்ளலாமே. இந்த வெயில்ல வெந்துடும்" என்றேன். என் கை பரபரத்தது.

"வெயில் பட்டாத்தான் இது நிக்கும். மூடினா அழுவிப் போய்டும். உங்களை யாரு கேட்டா? அந்தாண்ட போங்க."

ஜன்னலடியில் கபர் செடி வேண்டாம் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றார். தன் ஊரில் வீட்டு மண்கூரை மேலேயும் இது வளரும், யாரும் செத்துப்போவதில்லை என்று அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். கடைசியில் பட்டைக் கிடங்குக்குப் பின்னால் இடம் மாறியது. அதனால் ஒரு நன்மை. சாயங்காலம் தோறும் அவள் செடியைப் பார்க்க ஷாப்பு வரை நடந்து வர ஆரம்பித்தாள். பட்டை இடிக்கும் பெண்களோடு நின்று பேசுவாள். அவர்களிடம்தான் பேஜாரு, கம்மி, ஜாஸ்தி எல்லாம் கற்றுக்கொண்டாள்.

இலைகள் தளதளவென்று வந்தன. தை போயிற்று, மாசி போயிற்று, பூக்குச்சி ஒன்றுகூட எழவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"குளிர் வேணும். மூணு மாசம் பனிக்குக் கீழ தூங்கி எழுந்தாத்தான் பூக்கும். இங்க அதுக்குத் தூக்கமே வர்றதில்ல, என்னை மாதிரி."

சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது. அன்றிலிருந்து அந்தக் கிழங்கைப் பூக்கவைப்பது எனக்கு ஒரு வெறியாயிற்று. பூத்துவிட்டால் அவள் இருந்துவிடுவாள் என்று நானாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். யாரும் எனக்கு அப்படிச் சொல்லவில்லை.

முதலில் ஐஸ். மெட்ராஸிலிருந்து மரத்தூளில் பொதிந்து ரயிலில் வரவழைத்து, இரண்டு செடியைச் சட்டிக்கு மாற்றி ஒரு மரத் தொட்டிக்குள் இறக்கி, சுற்றிலும் ஐஸைக் கொட்டிச் சாக்கு போட்டு மூடினேன். நான் தினம் போய்ச் சாக்கைத் தூக்கிப் பார்ப்பதை எங்கள் பட்டை மேஸ்திரி கவனித்துவிட்டு, "மொதலாளி, தோலுக்குக்கூட நாம இவ்ளோ மரியாத பண்ணதில்லீங்க" என்றார். பதினோரு நாளில் ஐஸ் உருகிய தண்ணீரிலேயே இரண்டும் அழுகின. கடைத்தெருவில் என்னைக் கண்டால், "பூவுக்குக் குளிர் காட்டுறவரு வர்றாருப்பா" என்றார்கள். நானும் சிரித்து வைத்தேன். உள்ளுக்குள் எரிந்தது.

மூன்றாவது கோடையும் வந்து போயிற்று. அவளுக்கு அதே வேர்க்குரு, அதே நனைந்த துப்பட்டா. ஆனால் இப்போது வாய் திறந்து வெயிலைத் திட்டினாள். என் அம்மாவுக்கு மேலே திட்டினாள். எனக்கு அதில் ஒரு சின்ன நிம்மதி.

அந்த ஆவணியில் ஜோலார்பேட்டைக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தபோது ஜன்னலில் ஏலகிரி மலை தெரிந்தது. நூறு தடவை பார்த்த மலை. உச்சியில் மேகம் உட்கார்ந்திருந்தது. நான் தலையில் அடித்துக்கொண்டேன். வீட்டு வாசலில் குளிரை வைத்துக்கொண்டு மெட்ராஸிலிருந்து ஐஸ் வரவழைத்தவனை என்னவென்று சொல்வது?

அடுத்த வாரமே ஒன்பது கிழங்கும் ஒரு மூட்டைச் சுண்ணாம்பும் எடுத்துக்கொண்டு மலை ஏறினேன். மேலே சாமை பயிரிடும் ஒரு மலைக்காரர், கல் நிறைந்த ஒரு சரிவைக் கொடுத்தார். அங்கே மண் செம்மண், புளிப்பு மண். சுண்ணாம்பு கலந்தால்தான் சரிப்படும் என்று என் மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள். கிழங்கு முதுகு வெளியே தெரிய நட்டுவிட்டு, தண்ணீர் ஊற்றாதீர்கள், மண் அணைக்காதீர்கள், எரு போடாதீர்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். மலைக்காரர் கேட்டுக்கொண்டே வந்தார்.

"அப்போ நான் இன்னாதான் செய்யறது?"

"சும்மா பாத்துக்கினு இருங்க."

"அது முடியும்" என்றார்.

மார்கழியில் அவளையும் அழைத்துப் போனேன். அடிவாரம் வரை மாட்டுவண்டி, பிறகு நடை. அவள் மலை நாட்டுப் பெண் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு ஆடு மாதிரி ஏறிப் போனாள். நான் இருபது அடிக்கு ஒரு கல்லில் உட்கார்ந்தேன். மேலேயிருந்து திரும்பிப் பார்த்து, "வாங்க, வாங்க, வெயில் ஜாஸ்தியா?" என்று கிண்டல் வேறு.

இரவு மலைக்காரர் குடிசையில் தங்கி, மறுநாள் காலையில் வாசலுக்கு வந்தேன். மூச்சு விட்டால் புகை வந்தது. புல்லெல்லாம் பனி. அவள் எனக்கு முன்னால் எழுந்து, மலைக்காரர் மனைவியிடம் கங்கு வாங்கி, காங்ரியைச் சால்வைக்குள் வைத்துக்கொண்டு கிழங்குப் பாத்தியருகே உட்கார்ந்திருந்தாள். ஆணியில் தொங்கியதை எனக்குத் தெரியாமல் கூடையில் போட்டு எடுத்து வந்திருக்கிறாள். முகம் சிவந்து, கண் பளபளவென்று இருந்தது.

"தூங்கினேன்" என்றாள். "நல்லா தூங்கினேன்."

அவளைப் பார்க்கப் பார்க்க எனக்கு மனசு நிறைந்தது. கூடவே பயமும் பிடித்துக்கொண்டது. மறந்துபோன குளிரைக் காட்டி நானே அவளை வழியனுப்பிவைக்கிறேனோ என்று தோன்றியது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்த பிறகு காட்டாமல் இருந்திருக்கவும் எனக்கு மனம் வராது.

மாசிக் கடைசியில் மலைக்காரர் தேன் விற்க இறங்கியவர் ஷாப்புக்கு வந்தார். "ஒரு குச்சி வந்திருக்குது. நுனியில வெள்ளையா, காயிதம் சுருட்டி வெச்ச மாதிரி" என்றார். அதே வாரம் என் மச்சானிடமிருந்து, அவளுடைய அண்ணனிடமிருந்து, தந்தி வந்தது. கிளம்பிவிட்டேன் என்று.

மச்சான் நல்ல மனிதர். கம்பளிக் கோட்டோடு ஆம்பூர் ஸ்டேஷனில் இறங்கி, வேர்த்து விறுவிறுத்து நின்றார். தங்கையின் கழுத்தையும் கையையும் பார்த்தார். போன கோடையின் தழும்புகள் இன்னும் இருந்தன. என் அம்மா எதிரில் அந்தக் கேள்வியைக் கேட்பது முறையல்ல என்று இரண்டு நாள் பொறுத்தார். பிறகு என்னிடம், தங்கையோடு தனியாகப் பேச ஓர் இடம் வேண்டும் என்றார். அவருக்கு இடம் காட்டியது நான்தான். மலைக்குப் போவோம் என்றேன். ஒரு பூவையாவது அவர் பார்த்துவிட்டுக் கேட்கட்டும் என்று இருந்தது எனக்கு.

பூ மலர்ந்திருந்தது. ஒன்றே ஒன்று. கல்லுக்கு நடுவே, இடுப்புக்குச் சற்றுக் கீழே வரும் உயரத்தில், வெள்ளை வெளேரென்று. கீழிதழ்களின் நடுவில் மஞ்சள் முடி வரிசை. அடியில் லேசான பச்சை ரேகை. மச்சான் தூரத்திலேயே அதைப் பார்த்துவிட்டார். நடை நின்றது. செருப்பைக் கழற்றினார். இரண்டு கைகளையும் ஏந்தி ஃபாத்திஹா ஓத ஆரம்பித்துவிட்டார். நான் தடுக்கப் போனேன். அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் ஓதி முடித்து முகத்தைத் தடவிக்கொண்டு, இங்கே அடங்கியிருப்பது யார் என்று என்னிடம் உருதுவில் மெதுவாகக் கேட்டார். யாரும் இல்லை, சாமைக் கொல்லைதான் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

பிறகு அண்ணனும் தங்கையும் பூவுக்குப் பக்கத்தில் ஒரு பாறையில் உட்கார்ந்தார்கள். நான் மலைக்காரரோடு கொஞ்சம் தள்ளி நின்றேன். அவர்கள் பாஷை எனக்கு ஒரு வார்த்தையும் தெரியாது. ஆனாலும் அவர் கேட்டுவிட்டார் என்று தெரிந்தது. கேட்டுவிட்டு, கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். நாலு பேர் முன்னால் தலையாட்டியவன், ஒரு வார்த்தையும் பேச உரிமை இல்லாதவன். அவள் பூவைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். பிறகு தெளிவாகச் சொன்னாள்.

"நான் வர்லண்ணா. இங்கியே இருக்கேன்."

மச்சான் விழித்தார். அவருக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. அப்புறம்தான் அவளுக்கே உறைத்தது, சொன்னது ஆம்பூர்த் தமிழ் என்று. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் நின்றது. பிறகு அதையே அவர்கள் பாஷையில் ஒருமுறை சொன்னாள். என் பக்கத்தில் நின்ற மலைக்காரர், எனக்குத் தமிழ் தெரியாதோ என்று நினைத்தவர் போல, என் காதருகே குனிந்தார்.

"அந்தம்மா இருக்கேன்னு சொல்லுது" என்றார்.

நான் அழுதேன். சொல்வதற்கு என்ன வெட்கம்? மச்சான் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். இறங்கும்போது, வெயில் பழகிவிட்டதா என்று அவளைக் கேட்டேன்.

"வெயில் எங்க பழகிச்சு? நீங்கதான் பழகிட்டீங்க" என்றாள். பூ பூத்ததால் இருக்கிறாயா என்றும் கேட்டேன். பூக்காவிட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பாளாம். மார்கழிக்கு முன்னாலேயே முடிவு செய்துவிட்டாளாம். அதை அப்போதே எனக்குச் சொன்னால் மலைக்கு அழைத்துப் போகமாட்டேனோ என்று சொல்லவில்லையாம்!

இது நடந்து பல வருடங்கள் ஆகின்றன. மார்கழி பிறந்தால் நாங்கள் ஏலகிரியில்தான். அந்த ஒன்பது கிழங்கு இன்று சரிவு முழுக்கப் பரவி நிற்கிறது. மூன்று வருடத்துக்கு ஒரு முறை ஆவணியில் பிரித்து நடுகிறோம், சுண்ணாம்பு எங்கள் ஷாப்பிலிருந்து போகிறது. துரைமார்கள் ஐரிஸ் என்று ஊட்டியில் வளர்ப்பது வேறு சாதி, பெரிய நீலப் பூ. அதில் எனக்கு ஆசை இல்லை. யாரும் வளர்க்காத சாதிகளை மச்சான் தேடி அனுப்புகிறார். பனி உருகும் புல்வெளியிலிருந்து வந்த குள்ளமான ஊதாப் புள்ளிச் சாதி இரண்டு வருடம் இலை காட்டிவிட்டுப் போய்விட்டது. அதற்கு ஏலகிரிக் குளிர் எந்த மூலைக்கு? வாய்க்கால் கரையில் வளரும் மெல்லிய இலைச் சாதி மட்டும் இங்கே பிறந்தது போல நிற்கிறது.

போன மாதம் அவள் என்னிடம் ஒரு பேச்சை எடுத்தாள். தனக்குக் காலம் வரும்போது ஆம்பூர் கபர்ஸ்தானிலேயே வைத்து, மேலே வெள்ளை சோசன் நட வேண்டுமாம்.

"ஆம்பூர்ல அது பூக்காதே" என்றேன்.

"பூக்காட்டி போவுது. இலை வந்தா போதும். ஆனா மஞ்சள் நடுற மாதிரி ஆழமா பொதைச்சிடாதீங்க."

"உன்னையா, கிழங்கையா?"

"கிழங்கை."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. உன்னைவிட ஆறு வயது பெரியவன் நான், முறைப்படி நான்தான் முதலில் என்று கத்தினேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்படின்னா சரி. உங்க மேல நானே நட்டுடறேன். நல்லா வரும்" என்றாள். பிறகு என் கையைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, "இருந்தாலும் நீங்களும் கத்துக்கினு வைங்க" என்றாள்.

அன்று சாயங்காலமே பட்டைக் கிடங்குக்குப் பின்னால் போய் ஒரு கிழங்கை நட்டுப் பார்த்தேன். வேரை உள்ளே விட்டு, முதுகு பாதி தெரிய, மண்ணைத் தள்ளாமல் கையைக் கட்டுப்படுத்திக்கொண்டு நட்டேன். அவள் மெதுவாக நடந்து வந்து, இடுப்பில் கைவைத்துக் குனிந்து பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் மேல" என்றாள்.